கண்ணாடியைத் தட்டாதீர்

திருவிவிலியத்தில் இறைவன் வழங்கிய முதல் ஆசி யாருக்கு உரியது என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஆதாமுக்கும் ஏவாளுக்கும் என்றே பிள்ளைகள் விடை சொல்வர். பெரியவர்களும் பெரும்பாலும் அவ்வாறே சொல்வர். தொடக்க நூலின் முதல் அதிகாரத்தை நிதானமாகப் படிப்போர்க்கே உண்மை புலப்படும். மனிதர் படைக்கப்பட்டது ஆறாம் நாளில். அதற்கு முந்திய நாளிலேயே, நீரில் நீந்துவனவற்றையும் வானில் பறப்பனவற்றையும் படைத்த ஆண்டவர், பல்கிப் பெருகும்படி அவற்றுக்கு ஆசி கூறிவிட்டார். ஒளிக்கும், செடிகொடிகளுக்கும், ஞாயிறு திங்களுக்கும் கிட்டாத பேறு அது. மனிதரை முந்திக்கொண்டு இறையாசி பெற்றவை மீன்களும் பறவைகளுமே.

அவ்வதிகாரத்தின் அமைப்பையும் குருமடத்தில் நமக்குக் கற்பித்தனர். முதல் மூன்று நாள்கள் இடம் வகுக்கும் நாள்கள். அடுத்த மூன்று நாள்கள் வகுத்த இடங்களை நிறைக்கும் நாள்கள். இரண்டாம் நாள் நீர்த்திரள் பிரிக்கப்படுகிறது. மூன்றாம் நாள் அது ஓரிடத்தில் ஒன்று சேர்க்கப்படுகிறது. ஐந்தாம் நாளே மீன் தோன்றுகிறது. முதலில் இடம், பின்னர் உயிர், அதன் பின்னரே ஆசி. இறையியல் வகுப்பில் ஏட்டளவில் அறிந்த இந்த ஒழுங்கை, பங்கு இல்லத்து வரவேற்பறையில் இருக்கும் ஒரு கண்ணாடித் தொட்டியும், அதில் வாழும் பெரிய மீன்கள் இரண்டும் நமக்கு மீண்டும் ஒருமுறை கற்பித்தன. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாயில் ஏந்தும் குடும்பம்

நம் தொட்டியில் இருப்பவை ஆஸ்கர் மீன்கள். அவை சிக்லிட் எனப்படும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் 1,700-க்கும் மேற்பட்ட இனங்களை அறிஞர் இதுவரை பெயரிட்டு விவரித்துள்ளனர். பெயர் புதிதாகத் தோன்றினும் உறவு நமக்குப் பழையதே. 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளம் குட்டையெங்கும் பெருகிவிட்ட ஜிலேபி மீன் இக்குடும்பத்தது. கேரளத்தார் 2010-இல் தம் மாநில மீனாக அறிவித்த கரிமீனும் இக்குடும்பத்ததே. அது நம் பழவேற்காட்டு ஏரியிலும் உண்டு. கலிலேயக் கடலில் வாழ்ந்து, 'பேதுருவின் மீன்' என்று திருப்பயணிகளுக்குப் பரிமாறப்படுவதும் ஒரு சிக்லிட்தான். மத்தேயு நற்செய்தியில் வாயில் நாணயத்தோடு பிடிபட்ட மீன் இதுவே என்பது மரபு. தூண்டிலை நாடும் வேறு மீனாய் இருக்கலாம் என்பாரும் உளர்.

இக்குடும்பத்தின் தனிச்சிறப்பு பிள்ளைப் பாசம். மீன்களுள் பெரும்பாலானவை முட்டைகளை நீரில் விட்டு அகன்றுவிடுகின்றன. சிக்லிட்களோ காவல் நிற்கின்றன. குளத்து ஜிலேபியின் தாய், கருவுற்ற முட்டைகளைத் தன் வாயில் ஏந்திக் குஞ்சு பொரிக்கும். அந்நாள்களில் அது ஏறக்குறைய உண்ணா நோன்பே இருக்கும். கலிலேயக் கடலின் மீனில் தந்தையும் தாயும் ஆகிய இருவருமே முட்டைகளை வாயில் ஏந்துவர். ஆஸ்கர் மீன்கள் வாயில் ஏந்துவதில்லை. கல்லின்மேல் முட்டையிட்டு, இருவருமாய்ச் சேர்ந்து காக்கின்றன.

ஆஸ்கரின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பரப்பு. 1831-இல் லூயி அகாசி என்னும் இயற்கையியலார் இதனை முதன்முதலாக விவரித்தபோது, கடல்மீன் என்று கருதிவிட்டார். இதன் அறிவியற் பெயரில் கிரேக்கமும் இலத்தீனும் கலந்துள்ளன. அஸ்ட்ரோனோட்டஸ் ஒசெல்லாட்டஸ் என்றால், முதுகில் விண்மீன் உடையது, சிறுகண் பொறிக்கப்பெற்றது என்று பொருள் கொள்ளலாம். வாலின் அடியில் செம்மஞ்சள் வளையத்துக்குள் ஒரு கரும்புள்ளி கண்போலவே அமைந்திருக்கிறது. துடுப்புகளைக் கடித்துத் தின்னும் பிரானா மீன்கள், தலை எது வால் எது என்று மயங்கவே இந்தப் பொய்க்கண் என்பர். நன்கு வளர்ந்த ஆஸ்கர் ஓரடிக்கு மேல் நீளமும் ஒரு கிலோவுக்கு மேல் எடையும் கொள்ளும். பத்தாண்டுக்கு மேலும் வாழும். ஆளைக் கண்டால் கண்ணாடியருகே வந்து நிற்கும். உணவு தரும் கை எதுவென்று அதற்குத் தெரியும்.

நீரைச் செம்மை செய்தல்

வெளிநாட்டில் குடியேறிய குடும்பத்தார் ஒருவர், தம் வீட்டிலிருந்த பெரிய தொட்டியைப் பங்கு இல்லத்துக்கு விட்டுச் சென்றனர். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 680 லிட்டர் நீர் கொள்ளும். பங்கில் வண்ணமீன் வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட இளைஞர் ஒருவர் உண்டு. சென்னைக் கொளத்தூர்ச் சந்தைக்கு மீன் அனுப்புகிறவர். அவரிடம், "ஒரு ஜோடி ஆஸ்கர் கொண்டுவந்து விடுங்கள், குஞ்சு பொரிப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்" என்றோம். அவர் சிரித்தார்.

"சாமி, கடையிலே பெரிய மீன் இரண்டைப் பிடித்து ஜோடி என்று விற்பார்கள். அது ஜோடி ஆகாது. ஒன்று மற்றொன்றைக் கொன்றுபோடும். ஆறு குஞ்சு தருகிறேன். சேர்ந்தே வளரட்டும். ஜோடியை நாம் சேர்க்க முடியாது, சாமி. அதுவாகச் சேரும்வரைக்கும் காத்திருக்கத்தான் முடியும்."

ஆறு எதற்கு என்பதற்கும் காரணம் உண்டு. ஆஸ்கரில் ஆணையும் பெண்ணையும் நிறத்தாலோ உருவத்தாலோ வேறுபடுத்த இயலாது. முட்டையிடும் பருவத்தில் மட்டுமே, அடிவயிற்றில் வெளிப்படும் சிறு குழலைக் கொண்டு அறியலாம். ஆணுக்கு அது ஒடுங்கிக் கூர்மையாகவும், பெண்ணுக்கு அகன்று மழுங்கியும் இருக்கும். ஆறு குஞ்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும், அவை அனைத்தும் ஒரே பாலாய் அமைந்துவிட 32-இல் ஒரு வாய்ப்பே உண்டு. எஞ்சியதை அவற்றிடமே விட்டுவிடலாம்.

குஞ்சுகள் வருமுன் நீர் ஆயத்தமாக வேண்டியிருந்தது. புதுத் தொட்டியில் புதுநீர் நிரப்பி மீனை விடுவது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதனை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்ற, வேறொருவகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அளவோடு இருக்கும்வரை கடைசியில் வருவதால் தீங்கில்லை. இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அவ்வளவு நாளும் தொட்டி வெறுமையாகவே தோன்றியது. "சாமி, மீன் இல்லாத தொட்டிக்கு எதற்கு மின்சாரம்?" என்று கோயில்பிள்ளை கேட்டார். கண்ணுக்குப் புலப்படாத வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. குருமடத்தில் எட்டு, பத்து ஆண்டுகள் இருந்தவர்க்கு இது புதிதன்று. ஊரார் கண்ணுக்கு அவையும் வெறுமையான ஆண்டுகளே.

ஆறு குஞ்சுகளும் வந்தன. ஆஸ்கர் பெருந்தீனி மீன். அதன் கழிவும் மிகுதி. வாரந்தோறும் நீரில் கால்பங்கை மாற்றினோம். ஓராண்டுக்கு மேல் குறிப்பிடத்தக்கது எதுவும் நிகழவில்லை. ஏறக்குறைய பதினாறாம் மாதத்தில், ஆறனுள் இரண்டு மீன்கள் ஓர் ஓரத்தைத் தமதாக்கிக்கொண்டன. செவுள்களை விரித்து எதிரெதிர் நின்றன. வாலால் ஒன்றையொன்று அறைந்தன. வாயோடு வாய் கவ்வி இழுத்து வலிமை பார்த்தன. காண்போர்க்கு அது சண்டையாகவே தோன்றும். சண்டைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இளைஞர் சுட்டிக்காட்டினார். இரண்டும் நேருக்கு நேர் நின்றால் அது தேர்வு. ஒன்று விரட்ட, மற்றொன்று மூலையில் ஒடுங்கினால் அது கொடுமை.

தடுப்புக்கு இருபுறமும்

அந்த வேறுபாட்டை விரைவிலேயே காண நேர்ந்தது. ஏனைய நான்கில் மூன்றை இளைஞர் எடுத்துச் சென்றார்; ஒன்று மட்டும் தொட்டியின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தங்கியது. இணை தனித்தபின், ஆண்மீன் முட்டையிடும் பருவத்துக்கு முந்திவிட்டது. பெண்மீன் இன்னும் ஆயத்தமாகவில்லை. ஆண் விடாது துரத்தியது. இரண்டே நாளில் பெண்ணின் துடுப்புகள் கிழிந்தன.

ஆற்றில் இது நேராது. விருப்பமில்லாத பெண்மீன் அங்கே விலகி நீந்திப் போய்விடும், ஆறு அகன்றது. தொட்டியிலோ விலகிப் போக இடமில்லை. பெரிய மீன்களை வீட்டில் வளர்ப்போர் மறவாமல் மனத்தில் கொள்ளவேண்டிய உண்மை இது. மீனின் குணம் ஆற்றிலும் தொட்டியிலும் ஒன்றே. வெளியேறும் வழி அடைபட்டிருப்பதே தொட்டியின் கொடுமை. எனவே நடுவில் துளைகளுள்ள பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை வைத்தோம். ஒன்றையொன்று பார்க்கலாம், ஒரே நீரில் வாழலாம், காயப்படுத்த இயலாது. பெண்மீன் தேறி, தானாகவே தடுப்பை நாடி வந்து நிற்கும்வரை, மூன்று வாரங்கள் அது அங்கேயே இருந்தது.

அந்த மூன்று வாரங்களுள் ஒரு மாலையில், திருமணத்துக்கு முந்திய விசாரணைக்காகப் பெண் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். (அவருடைய இசைவு பெற்று, அடையாளம் தெரியாதவாறு இதனை எழுதுகிறோம்.) ஓலை இரண்டு முறை வாசித்தாயிற்று, அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. மணமகளையும் மணமகனையும் தனித்தனியே வினவுவது நம் திருஅவையின் ஒழுங்கு. எல்லாக் கேள்விகளுக்கும் அவர் தாழ்ந்த குரலில் விடையளித்தார். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு உரிமையோடு இத்திருமணத்துக்கு இசைகிறீரா என்று கேட்டபோது, "அப்பா சொன்னால் சரிதான் சாமி" என்றார். மீண்டும் கேட்டோம். அதே விடைதான் வந்தது. சற்று நேரம் வாளாவிருந்தோம். அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "நடுவிலே எதற்குச் சாமி இந்தத் தடுப்பு?" என்று கேட்டார். பெண்மீன் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதையும், தொட்டிக்குள் அதற்கு ஓடி ஒளிய இடமில்லை என்பதையும் சொன்னோம். வேறொன்றும் சொல்லவில்லை. நீண்ட மௌனத்துக்குப் பின் அவர் அழுதார். அதன் பின்னரே உள்ளதைச் சொன்னார்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

திருமணத்தை ஆக்குவது இருவரின் இசைவு. அவ்விசைவை வேறு எந்த மனித ஆற்றலும் ஈடுசெய்ய இயலாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத் தொகுப்பின் 1057-ஆம் எண் விதிக்கிறது. வன்முறையாலோ பேரச்சத்தாலோ பெறப்பட்ட இசைவு செல்லாது என்பது 1103-ஆம் எண். சட்டத்தை எடுத்துரைப்பது எளிது. அழைப்பிதழ் அச்சடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய ஒரு தந்தையின்முன் அதனை எடுத்துரைப்பது எளிதன்று. "மீனைப் பார்த்துக்கொண்டு என் மகள் கல்யாணத்தை நிறுத்திவிட்டார் சாமி" என்று அவர் ஊரெங்கும் சொன்னார். ஓராண்டுக் காலம் பக்கத்துப் பங்குக்குத் திருப்பலிக்குச் சென்றார். இப்போது நம் கோயிலுக்கே வருகிறார். முன்போல் நம்மோடு பேசுவதில்லை. அவருடைய வலி நமக்குப் புரிகிறது. மகளுக்கு நல்லதே நினைத்தவர் அவர். நல்லது நினைப்பதற்கும் நல்லது நேர்வதற்கும் இடையே, மகளின் இசைவு என்று ஒன்று இருப்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணங்களை நாம் பழிக்கவில்லை. பெரியோர் தேடித் தந்த துணையோடு நிறைவாழ்வு வாழ்வோர் நம் பங்கில் பலர். திருவிவிலியமே அத்தகைய தேடலை விரிவாகச் சொல்கிறது. ஈசாக்குக்குப் பெண் தேட ஆபிரகாமின் ஊழியர் பயணம் போகிறார்; கிணற்றடியில் ரெபேக்காவைக் காண்கிறார்; அவளுடைய உறவினரிடம் பேசி முடிக்கிறார். எல்லாம் முடிந்தபின்னும் வீட்டார் பெண்ணை அழைத்து, இம்மனிதரோடு போகச் சம்மதமா என்று அவளையே கேட்கின்றனர். அவள் சம்மதம் என்ற பின்னரே ஒட்டகங்கள் புறப்படுகின்றன. பழைய ஏற்பாட்டுக் காலத்துக் கூடாரத்தில் கேட்கத் தோன்றிய கேள்வி, மண்டபம் பதிவு செய்யும் நம் காலத்தில் விடுபட்டுப் போகலாமா?

பொதுப் பகைவன்

தடுப்பை எடுத்தபின் இணை இணக்கமாகவே இருந்தது. அதற்கு இளைஞர் கூறிய காரணம் நம்மைச் சிந்திக்க வைத்தது. கோடிக் கண்ணாடிக்கு அப்பால் இருந்த மூன்றாம் மீனைக் கண்டு இரண்டும் சேர்ந்து சீறுகின்றன. சீற்றமெல்லாம் அங்கே போய்விடுவதால் தமக்குள் அமைதியாக இருக்கின்றன என்றார் அவர். வளர்ப்போர் பலரும் அறிந்து கையாளும் உத்தி இது. 1973-இல் நோபெல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ், விலங்குகளின் தாக்கும் இயல்பைப் பற்றி 1963-இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகையதொரு செய்தியைச் சொல்லியுள்ளார். கண்ணாடித் தடுப்பின் இருபுறமும் ஒவ்வோர் இணை சிக்லிட் வாழ்ந்தது. கண்ணாடி தெளிவாக இருந்தவரை அண்டை வீட்டாரைக் கண்டு சீறின. தம் துணையோடு ஒத்து வாழ்ந்தன. கண்ணாடியில் பாசி படர்ந்து அண்டையார் மறைந்ததும், தம் துணையையே துன்புறுத்தத் தொடங்கின. பாசியைத் துடைத்ததும் மீண்டும் அமைதி நிலவியது.

இதனைப் படிக்கையில் நகைப்பு வருகிறது; நகைப்பு அடங்கியபின் அச்சம் வருகிறது. வேலித் தகராறு நீடிக்கும்வரை ஒற்றுமையாய் இருந்து, தீர்ப்பு வந்த மறுமாதமே தமக்குள் பிரிந்த அண்ணன் தம்பியரை நாம் அறிவோம். மாமியாரைக் குறைசொல்வதில் மட்டுமே ஒன்றுபடும் கணவன் மனைவியரும் உண்டு. பக்கத்துத் தெருவைப் பகைத்துத் தம் தெருவின் ஒற்றுமையைக் காக்கும் பங்குகளும் உண்டு. திருவிழாக் காலத்தில் அவ்வொற்றுமை கொடிமரத்தைவிட உயரமாய் நிற்கும். மீனுக்கு இது இயல்பூக்கம். அதனிடம் நாம் வேறெதுவும் கேட்கவில்லை. நமக்கோ வேறொரு வழி காட்டப்பட்டுள்ளது. இரு தரப்பாரைப் பிரித்து நின்ற பகைமைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தார் என்று எபேசியருக்குப் பவுலடியார் எழுதுகிறார். பகைவன் ஒருவன் கண்ணெதிரே இல்லாதபோதும் குலையாத அமைதியே கிறிஸ்தவ இல்லத்தின் அமைதி.

கல்லின்மேல் ஆயிரம் முட்டைகள்

அமேசான் பகுதியில் மழைக்காலமே ஆஸ்கர் முட்டையிடும் காலம். தொட்டியில் மழை பெய்யாது. எனவே நீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, சற்றே குளிர்ந்த புதுநீரை ஊற்றி, பின்னர் ஏறத்தாழ 28 பாகை செல்சியசுக்கு மெல்லச் சூடேற்றுவர். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதென மீன் உணருமாம். நாமும் அவ்வாறே செய்தோம். தட்டையான கடப்பைக் கல் ஒன்றும் இட்டோம். சில நாள்களில் இரு மீன்களும் அக்கல்லை வாயால் சுரண்டித் தூய்மை செய்யத் தொடங்கின. பீடம் துடைக்கும் அருட்சகோதரியரின் சிரத்தையை அதில் கண்டோம்.

ஒரு பிற்பகலில் பெண்மீன் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிச் செல்ல, ஆண்மீன் பின்தொடர்ந்து அவற்றைக் கருவுறச் செய்தது. ஆஸ்கர் ஒரு முறையில் ஆயிரம், இரண்டாயிரம் முட்டைகள்கூட இடும். மறுநாள் ஞாயிறு. திருப்பலி முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகள் கூட்டமாய் வந்து பார்த்தனர், கண்ணாடியைத் தட்டினர், விளக்கைப் போட்டு அணைத்தனர். மாலையில் கல் வெறுமையாக இருந்தது. பெற்ற மீன்களே முட்டைகளை உண்டுவிட்டன.

பிள்ளைகள் அழுதனர். இளைஞரோ சிறிதும் வருந்தவில்லை. முதன்முறை இணையும் இளம் மீன்கள் அப்படித்தான் செய்யும் என்றார். அச்சுறுத்தலை உணர்ந்தாலும் முட்டைகளை உண்டுவிடும். குஞ்சுகள் பிழைக்காது என்று அவற்றுக்குத் தோன்றிவிடுகிறது என்பது அவர் விளக்கம். மீன்களைக் கடிந்து பயனில்லை. தொட்டியின் மூன்று புறமும் பழுப்புத் தாள் ஒட்டுங்கள். யாரையும் கண்ணாடியைத் தட்ட விடாதீர்கள் என்றார். பங்குப் பிள்ளைகளுள் அழகாய் எழுதக்கூடிய ஒருத்தி, 'கண்ணாடியைத் தட்டாதீர்' என்று அட்டையில் எழுதித் தொட்டியின்மேல் ஒட்டினாள்.

இரண்டாம் முறை முட்டைகள் பெரும்பாலும் வெளுத்துப் பூஞ்சை பூத்தன. மூன்றாம் முறை அவை தேன் நிறத்தில் தெளிந்து நின்றன. பெண்மீன் இரவும் பகலும் மார்புத் துடுப்புகளால் விசிறிக்கொண்டே இருந்தது. வெளுத்த ஒன்றிரண்டை வாயால் பொறுக்கி அகற்றியது. ஆண்மீன் எட்ட நின்று காவல் காத்தது. நீர் மாற்ற நீட்டிய நம் கையையும் கடித்தது. மூன்றாம் நாள் முட்டைகள் பொரிந்தன. மேலும் சில நாள்கள் குஞ்சுகள் கல்லருகே துடித்துக்கொண்டு கிடந்தன. ஒரு வாரத்தில் புகைபோல் எழுந்து நீந்தின. அவற்றுக்கு ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறால் குஞ்சுகளைப் பொரித்து ஊட்டினோம்.

அட்டையில் இருந்த அந்த வாசகம் நம் மனத்தை விட்டு அகலவில்லை. திருமணமாகி ஐந்தாறு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லாத தம்பதியர் நம் பங்கில் சிலர் உளர். கோயில் முற்றத்தில் அவர்களைக் கண்டதும் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "ஏதாவது விசேஷம் உண்டா?" அன்பினால்தான் கேட்கிறோம். பிள்ளைகளும் அன்பினால்தான் கண்ணாடியைத் தட்டினர். ஒரு ஞாயிறு திருப்பலிக்கு வந்து போவதற்குள் பத்துப் பேரின் தட்டலை ஏற்கும் அப்பெண், அடுத்த ஞாயிறு முதல் பூசைக்கு, இருள் பிரியுமுன் வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் அமர்கிறாள். மலட்டுத்தன்மை திருமணத்தைத் தடை செய்வதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை என்று அதே சட்டத் தொகுப்பு 1084-ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. குழந்தை இல்லாத இல்லறமும் முழுமையான இல்லறமே, முழுமையான அருளடையாளமே. இதனைச் சட்டம் அறிந்திருக்கிறது. நம் முற்றங்கள் இன்னும் அறியவில்லை.

பெருகியபின்

பெருக்கம் ஆசிதான், அதனோடு பொறுப்பும் வருகிறது. சில நூறு குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தபோது அவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. ஒவ்வொன்றும் ஓரடி வளரக்கூடியது. "கோயில் குளத்தில் விட்டுவிடலாமே சாமி" என்று பலர் சொன்னார்கள். அது கூடவே கூடாது. அயல்நாட்டு மீனை நம் நீர்நிலையில் விடுவது அங்குள்ள உயிர்களுக்கு இழைக்கும் தீங்கு. அமெரிக்காவின் தென் ஃபுளோரிடாவில் இந்த ஆஸ்கரே அவ்வாறு குடியேறி நிலைத்துவிட்டது. நம் ஜிலேபியின் வரலாறும் அதுதான். படைப்பைப் பண்படுத்தும் பணியோடு பாதுகாக்கும் பணியும் மனிதருக்குத் தரப்பட்டது என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' என்னும் சுற்றுமடல் நமக்கு நினைவூட்டியது. எனவே எல்லாக் குஞ்சுகளையும் இளைஞரே எடுத்துக்கொண்டார். அவர் விற்றுத் தந்த தொகை பங்கின் கல்வி நிதியில் சேர்ந்தது. அதன்பின், குஞ்சுகளுக்கு இடம் உறுதியான பின்னரே கல்லை உள்ளே வைக்கிறோம். பெண்மீனுக்கும் ஓய்வு வேண்டுமல்லவா?

மணமாகாத ஒரு குருவுக்கு மீன்களின் இல்லறத்தில் இத்தனை ஈடுபாடு எதற்கு என்று சிலர் நகைப்பதுண்டு. பங்குப் பணி என்பது பெரும்பாலும் இதுவே என்று நாம் விடை சொல்வோம். பிறர் இல்லங்கள் தழைக்கும் பொருட்டு நீரைச் செம்மை செய்வது. வேண்டிய நாளில் தடுப்பை வைப்பது. வேண்டாத நாளில் அதை எடுப்பது. எஞ்சிய நேரமெல்லாம் விலகி நின்று செபிப்பது. இணைவது அவர்கள் உரிமை. பெருகச் செய்வது இறைவன் செயல். இவ்விரண்டையும் நம் கையில் எடுத்துக்கொள்ள முயலும் பெற்றோரும், உற்றாரும், குருக்களும் கல்லைக் கலைப்பவர்களே.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் மணப்பருவத்துப் பிள்ளைகள் இருந்தால், ஓலை வாசிக்கக் கொடுக்குமுன் அவர்களைத் தனியே அமர்த்தி ஒரு கேள்வி கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். உங்கள் தெருவில் குழந்தை இல்லாத தம்பதியர் இருந்தால், அடுத்த ஞாயிறு அவர்களைக் கண்டதும் நலம் விசாரித்துவிட்டு, வேறெதுவும் கேளாமல் உடன் நடந்து வாருங்கள். பெரிய தவமுயற்சி எதுவும் தேவையில்லை. அந்த ஒரு தட்டலைத் தவிர்த்தால் போதும்.